எனக்கு விட்டதா, என்னிடம் விட்டதா

போன கிழமை உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். மொழிபெயர்ப்புத் தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளை. "மிஸ், லெப்ட் எண்டதுக்குத் தமிழில என்ன? அவசரம்." அவ்வளவுதான். நான் "எந்த லெப்ட்?" என்று திருப்பிக் கேட்டேன். மறுமொழி வரவில்லை. அவசரம் அதற்குள் தீர்ந்துவிட்டது போல. யாரிடமோ கேட்டு, ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்திருப்பார். அந்த ஏதோ ஒன்றால் யாருக்கு என்ன நடந்ததோ என்று நான்தான் யோசித்துக்கொண்டு கிடந்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னாரில் மொழிபெயர்ப்பாளராக இருந்து தலை நரைத்தவள் நான். நீதிமன்றம், கச்சேரி என்று நாங்கள் சொல்கிற மாவட்டச் செயலகம், சண்டை முடிந்த பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள், காணி விசாரணைகள் என்று தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நின்றே காலம் போய்விட்டது. எழுத்தில் மொழிபெயர்ப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அகராதியைப் புரட்டலாம், எழுந்து போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாம். எனக்கு வாய்த்தது வாயால் செய்கிற வேலை. ஒருவர் சொல்லி முடிக்க, மற்றவர் என் முகத்தைப் பார்க்க, அதற்குள் சொல் வந்துவிட வேண்டும். வராவிட்டால் பிழை. பிழையாக வந்துவிட்டால் அதைவிடப் பெரிய பிழை. இந்த வேலையில் உடம்பு களைப்பதில்லை, மனம்தான் களைக்கிறது. எனக்குக் களைத்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அனுபவங்களை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் பிள்ளை கேட்ட அதே சொல்.

லீவ், லெப்ட், லெப்ட். பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுப் பாடமாக்கினோமே, அந்த ஒழுங்கில்லாத வினைகளில் ஒன்று. ஒழுங்கான வினையாக இருந்தால் வாலில் ஒரு 'எட்' ஒட்டிக்கொண்டு பேசாமல் போயிருக்கும். இது உருவத்தை மாற்றிக்கொண்டதும் போதாதென்று ஒரே உருவத்தை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுகிறது. ஒருவன் புறப்பட்டுப் போனாலும் லெப்ட். பெண்சாதியைக் கைவிட்டாலும் லெப்ட். சாகும்போது சொத்தைப் பிள்ளைக்கு எழுதி வைத்தாலும் லெப்ட். குடையை பஸ்ஸில் மறந்துவிட்டு வந்தாலும் லெப்ட். சட்டியில் மிஞ்சிக் கிடக்கிற மீனும் லெப்ட். இடதுகைப் பக்கம் வேறு சொல்தான், ஆனால் காதுக்கு அது எப்படித் தெரியும்? இப்போது வாட்ஸ்அப் குழுவில் யாராவது கோபித்துக்கொண்டு வெளியேறினால், "அவர் லெப்ட் ஆகிட்டார்" என்று எங்கள் ஒழுங்கையில் மீன் விற்கிற அக்காவும் சொல்கிறார்.

தமிழில் இதற்குச் சோடி 'விடு' என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். விடு மட்டும் என்ன லேசுப்பட்ட சொல்லா? மூச்சும் விடுகிறோம், உயிரும் விடுகிறோம். பின்னேரம் பள்ளிக்கூடம் விடுகிறது. ஒருவன் கதை விடுகிறான், அதை நம்பி இன்னொருவன் கோட்டை விடுகிறான். விட்ட குறை தொட்ட குறை என்கிறோம். இரண்டு மொழியிலும் இரண்டு பெரிய குடும்பங்கள். அவர்களுக்குள் ஒன்றிரண்டு சம்பந்தம் இருக்கிறது என்பதற்காக முழுக்குடும்பமும் ஒன்றென்று எடுத்துவிடக் கூடாது.

எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். மன்னார்த் தீவின் கரையோரக் கிராமம் ஒன்றில் புயலுக்குப் பிறகு உலர் உணவுப் பொதி கொடுத்தார்கள். வந்திருந்த வெள்ளைக்காரப் பெண் வரிசையைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார், "ஹவ் மெனி லெப்ட்?" என்று கேட்டார். எத்தனை பொதி மிச்சம் என்பதுதான் கேள்வி. பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் பிள்ளை வேலைக்குப் புதிது. வரிசையில் நின்ற பெண்களிடம் திரும்பி, "இஞ்ச எத்தனை பேர் விட்டுட்டுப் போயிட்டினம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தவர்கள் போல அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். மகன்மார் பிரான்சில். தம்பி குடும்பத்தோடு இந்தியாவுக்கு. மனுசன் கடலுக்குப் போனவர், பிறகு வரவேயில்லை. பிள்ளை கூட்டிக் கணக்குச் சொன்னார். அந்தப் பெண் அதைப் பொதிக் கணக்கென்று எடுத்துக்கொண்டு, தாராளமாக மிச்சம் இருக்கிறது என்று பக்கத்துக் கிராமத்துக்கும் ஆள் அனுப்பிவிட்டார். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

பிறகு அந்தப் பிள்ளை என்னிடம் வந்து அழுதார். கேள்வி விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். வெட்கப்பட்டு யாருக்கு வயிறு நிரம்பியது? விளங்காவிட்டால் திருப்பிக் கேளுங்கள். எதிரில் நிற்கிறவர் எரிந்து விழுவார், விழட்டும். அவருடைய எரிச்சல் மத்தியானம் தாண்டாது.

எனக்கு வேலை பழக்கியவர் நீதிமன்றத்தில் இருந்த ஒரு முதுமொழிபெயர்ப்பாளர். பழைய வழக்கப்படி எல்லாரும் அவரை முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர் என்று சொல்ல முடியாது. எல்லாருக்கும் முன்னால் ஏசுவார், பிறகு சமாதானமும் சொல்ல மாட்டார். வந்த புதிதில், கணவனிடம் செலவுப் பணம் கேட்கிற தாபரிப்பு வழக்கொன்றில் ஒரு பெண், "அவர் என்னை விட்டுட்டு வேலைக்குப் போறவர்" என்றதை நான் அவசரத்தில் கணவன் கைவிட்டுவிட்டான் என்பது போல ஆங்கிலத்தில் ஆக்கப் பார்த்தேன். முதலியார் இருமி என் வாயை அடைத்தார். வெளியே வந்ததும், "பிள்ளை, வினை தனிய வராது. அதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஆரோ வருவினம். அவையள் ஆரெண்டு பாத்திட்டு வாயைத் திற" என்றார். அவரிடம் நான் வாங்கிய ஏச்சில் உருப்படியாக மிஞ்சியது இந்த வசனம் ஒன்றுதான்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இது நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் நடந்தது. அதற்குப் பிறகும் சில விசாரணைகளுக்குப் போனேன். ஆனால் மனதால் நான் ஓய்வு பெற்றது அன்றைக்குத்தான்.

நறுவிலிக்குளம் பக்கம் ஒரு வயல். அதற்கு இரண்டு பேர் உரிமை கேட்டார்கள். ஒருவர் மருதாயி அம்மா. மலையகத்தில் கலவரம் நடந்த காலத்தில் அங்கிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறிய குடும்பம். அவருடைய கணவர் காடு வெட்டி உண்டாக்கிய வயல் அது. கணவர் இறந்து, சண்டையும் கிட்ட வர, மருதாயி அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனார். தமிழ்நாட்டு முகாமில் பிள்ளைகளை வளர்த்து, கட்டிக் கொடுத்து, வயது போன பிறகு தனியாகத் திரும்பி வந்திருந்தார். வந்து தங்கியது தெரிந்தவர் ஒருவர் வீட்டு விறாந்தையில். அந்த வயல் கிடைத்தால் அதன் ஓரத்தில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அவருடைய ஆசை.

மற்றவர் தருமலிங்கம் ஐயா. அந்த ஊரின் பழைய கமக்காரர். சொந்த வயல் முழுக்க மகள்மாரின் சீதனத்தோடு போய்விட்டது. மருதாயி போன பிறகு அந்த வயலைச் செய்தவர் அவர். பிறகு ஊரோடு அவரும் இடம்பெயர்ந்தார். எல்லாம் முடிந்து திரும்பியபோது அங்கே வயல் இல்லை, முள்ளுப் பத்தைதான் இருந்தது. கண்ணிவெடி எடுத்து முடியும்வரை காத்திருந்து, கத்தியும் மண்வெட்டியுமாக அதை மறுபடி வயலாக்கினார். அந்த மனிதர் இல்லாவிட்டால் சண்டை பிடிக்கவும் அங்கே காணி இருந்திராது. அது போனால் அவருக்கு வேறு வயலும் இல்லை.

அரசாங்கம் காணிக்குக் கொடுத்த பேமிட் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்திருந்தது. ஆனால் அந்த வயல் முதலில் மருதாயியின் கணவருடையது என்பதைத் தருமலிங்கம் ஐயாவே ஒத்துக்கொண்டார். ஆகவே கேள்வி ஒன்றுதான். மருதாயி அம்மா போகும்போது காணியைக் கொடுத்துவிட்டுப் போனாரா, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாரா?

விசாரணைக்கு வந்த உத்தியோகத்தர் தெற்கில் இருந்து வந்த சிங்களவர். அவருக்குத் தமிழ் வராது. என்னுடைய சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்க மட்டும் காணும். ஆகவே ஆங்கிலத்தில் நடத்துவது என்று முடிவாகி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். கரண்ட் இல்லை. காலையில் இருந்து வேறு காணிகளை விசாரித்து எல்லாருக்கும் அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் இவர்களுடைய முறை வந்தது.

தருமலிங்கம் ஐயா எழுந்து நின்று சொன்னார். "அவ இந்தியாவுக்குப் போகேக்க எனக்கு விட்டுட்டுப் போனவ. அதுக்குப் பிறகு நான்தான் செய்யிறன். பத்தையாக் கிடந்ததை வெட்டி வெளியாக்கினதும் நான்தான்."

'எனக்கு' என்கிறார். ஆகவே 'லெப்ட் இட் டு மீ' என்று சொன்னேன். அந்த 'டு' வந்தால் கொடுத்துவிட்டதாகத்தான் அர்த்தம். அவர் அப்படித்தான் சொன்னார், நானும் அப்படியே சொன்னேன். அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பிறகு மருதாயி அம்மாவிடம் கேட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை, கால் ஏலாது. "ஆமாங்க. அண்ணன் கையிலதான் விட்டுட்டுப் போனேன். வேற யாருங்க இருந்தாங்க எனக்கு?"

அவருடைய கையில் விட்டுவிட்டுப் போனேன் என்று, கையையும் சேர்த்தே ஆங்கிலத்தில் சொன்னேன். உத்தியோகத்தரின் முகம் வெளித்தது. பேனையை மூடினார். "அப்படியென்றால் சண்டையே இல்லையே! இரண்டு பேரும் ஒன்றைத்தானே சொல்கிறார்கள்? அவருக்கு விட்டிருக்கிறார். அம்மாவிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்: லெப்ட் இட் டு ஹிம், யெஸ்?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வெளியில் இருந்து பார்த்தால் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. சின்னக் கேள்வி. "அம்மா, அவருக்கு விட்டுட்டுத்தானே போனீங்கள்?" என்று நான் கேட்டால் போதும். சரியான மொழிபெயர்ப்பு, ஒருவரும் குறை சொல்ல முடியாது. மருதாயி அம்மா தலையாட்டுவார். கேட்கும் முன்னமே ஆட்டத் தொடங்கியிருந்தார், 'விட்டு' என்றால் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். காணி போய்விடும்.

"அவருக்குக் குடுத்துட்டீங்களோ?" என்று கேட்டாலும் பெரிய பிழை என்று சொல்ல முடியாது. அதற்கு அவர், "ஐயையோ, குடுக்கலீங்க" என்பார். அப்போது தருமலிங்கம் ஐயாவின் காணி போய்விடும்.

நான் எந்தச் சொல்லை எடுக்கிறேனோ அதுதான் தீர்ப்பு. உத்தியோகத்தருக்கு அது தெரியாது. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் நினைப்பீர்கள், அனுபவம் வந்தால் பயம் போய்விடும் என்று. போகாது. எங்கே பயப்பட வேண்டும் என்பது தெளிவாகத் தெரியவரும், அவ்வளவுதான்.

மருதாயி அம்மாவின் மேல் எனக்கு இரக்கம் இருந்தது என்பதும் உண்மை. விறாந்தையில் படுக்கிற வயது அவருக்கு இல்லை. 'குடுத்துட்டீங்களோ' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. இரக்கத்தால் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறவர் வேறு தொழிலுக்குப் போக வேண்டும். அதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இல்லை, ஆனால் அது அப்படித்தான்.

நான் எழுந்து உத்தியோகத்தரிடம் அனுமதி கேட்டேன். ஆங்கிலத்தில் அனுமதி என்பதற்கும் 'லீவ்' என்றொரு சொல் இருக்கிறது, நீதிமன்றத்தில் பழகியதால் அதுதான் என் வாயில் வந்தது. நான் லீவு கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, மணிக்கூட்டைப் பார்த்தார். "சேர், இரண்டு பேரும் ஒரே வினையைச் சொல்கிறார்கள். தமிழில் அந்த வினை கொடுப்பதையும் குறிக்கும், நம்பி ஒப்படைப்பதையும் குறிக்கும். நீங்கள் கேட்கச் சொன்ன கேள்வியை நான் எந்தத் தமிழில் கேட்டாலும் மறுமொழியையும் நானே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்" என்றேன்.

அவருக்கு எரிச்சல். "காலையில் இருந்து இதே சொல்லைத்தானே மொழிபெயர்த்தீர்கள்? இப்போது மட்டும் என்ன?" நியாயமான கேள்விதான். காலையில் வந்த ஒரு காணியும் அந்தச் சொல்லில் தொங்கவில்லை என்று சொன்னேன். பின்னால் இருந்து யாரோ, "மிஸ் அவவின்ர பக்கம்" என்று முணுமுணுத்ததும் காதில் விழுந்தது.

அதனால் உத்தியோகத்தருக்குச் சொன்னதை அப்படியே திரும்பி நின்று எல்லாருக்கும் தமிழில் சொன்னேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்கிறவர் ஒரு பக்கத்து மொழியில் மட்டும் நீளமாகக் கதைத்தால் மற்றப் பக்கத்துக்கு வயிறு எரியும். நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று இரண்டு மொழியிலும் சொல்லுங்கள்.

"அப்ப என்ன செய்யலாம்?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"அன்றைக்குச் சொன்ன சொல்லை அப்படியே சொல்லச் சொல்லிக் கேட்கலாம், சேர். விட்டது, கொடுத்தது எல்லாம் அவர்கள் இப்போது வைக்கிற பெயர். அன்றைக்கு வாயால் வந்தது என்ன?"

அவர் சரி என்றார். முதலில் மருதாயி அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, அண்டைக்கு வெளிக்கிடேக்க இவரிட்ட என்ன சொன்னீங்கள்? சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

மருதாயி அம்மா கையை விரித்தார். "எப்புடிங்க ஞாபகம் இருக்கும்? சின்னது இடுப்புல, பெரியது கையில. கரைக்குக் கூட்டிட்டுப் போற டிராக்டர்காரன் கத்துறான். ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்னு தெரியலீங்களே."

அவருக்கு நல்லது செய்யப்போய்க் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். உத்தியோகத்தர் தருமலிங்கம் ஐயாவைப் பார்த்தார். அவரிடமும் அதே கேள்வியை அதே சொற்களால் கேட்டேன்.

தருமலிங்கம் ஐயா மறுபடி எழுந்து நின்றார். மண்டபத்தில் எல்லாருக்கும் அப்போது விளங்கிவிட்டது. சொன்னவருக்கு ஞாபகம் இல்லை. கேட்டவர் ஒருவர்தான் மிச்சம். அவர் என்ன சொன்னாலும் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. 'இனி இது உங்களுக்குத்தான் அண்ணே எண்டு சொன்னவ' என்று ஒரு வசனம் சொன்னால் காணி அவருடையது. அவர் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மருதாயி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"'நான் வர்ற வரைக்கும் பாத்துக்கங்கண்ணே' எண்டு சொன்னவ."

'வர்ற வரைக்கும்' என்றார். 'பாத்துக்கங்க' என்றார். எங்கள் பக்கத்துக் கமக்காரர் ஒருவரும் அப்படிக் கதைக்க மாட்டார்கள். அது மருதாயி அம்மாவின் தமிழ். இத்தனை வருசமும் அந்த மனிதர் அதை ஒரு எழுத்து மாறாமல் வைத்திருந்திருக்கிறார். மொழிபெயர்த்தேன். அந்த வசனத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கஷ்டமும் இல்லை.

உத்தியோகத்தர் கேட்டார்: "பிறகு ஏன் உங்களுக்கு விட்டதாகச் சொன்னீர்கள்?"

"வரேல்லயே, சேர்" என்றார் தருமலிங்கம் ஐயா. "வருவா வருவா எண்டு முதல் கொஞ்சப் போகம் அவவின்ர பங்கெண்டு நெல்லு ஒதுக்கி வைச்சனான். பிறகு ஊரோட நாங்களும் இடம்பெயர்ந்திட்டம். திரும்பி வந்து பாத்தா அவவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இனி வரமாட்டா எண்டு நினைச்சுத்தான் காட்டை வெட்டினனான். வராட்டி விட்டமாதிரித்தானே?"

அந்தக் கடைசிக் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லும்போது நான் லெப்ட் என்பதற்குப் பின்னால் எதையும் ஒட்டவில்லை. அவரும் ஒட்டவில்லை, பாருங்கள். யாருக்கு, யாரிடம் என்று ஒன்றும் இல்லை. வெறும் விட்டது.

மருதாயி அம்மா அழத் தொடங்கியிருந்தார். "ஆமாங்க, அப்படித்தான் சொன்னேன். அண்ணன் சொல்லவுந்தான் ஞாபகம் வருது" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். அவசரப்படாமல் எழுதினார். எழுதி முடித்து வாசித்தார். காணியை மருதாயி அம்மாவுக்குத் திருப்பிக் கொடுக்கும்படி தான் சிபாரிசு செய்வதாகவும், இப்போது நிற்கிற பயிரைத் தருமலிங்கம் ஐயாவே வெட்டி எடுக்கலாம் என்றும், அதற்குப் பிறகு வயலுக்குள் இறங்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். அவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அது முறை. நானும் பார்த்துத்தான் சொன்னேன். கடைசி வசனத்தை மட்டும் கொஞ்சம் மெல்லச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஓம், விளங்குது" என்றார்.

இதில் உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னால் கைதட்டுவார்கள். மொழிபெயர்ப்பாளர் நிறுத்தினார், தெளிவுபடுத்தினார், உண்மை வெளிவந்தது, நீதி நடந்தது. அது அவ்வளவு சுத்தமான கதை இல்லை. அந்தச் சின்னக் கேள்வியை உத்தியோகத்தர் சொன்னபடி நான் கேட்டிருந்தால் ஒரு பெண் தன் காணியை இழந்திருப்பார். நான் நிறுத்தியதால் ஒரு மனிதர் தான் உண்டாக்கிய வயலை இழந்தார், அதுவும் பொய் சொல்லாததால் இழந்தார். பொய் சொல்லத் தெரிந்த ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் என் கேள்வியால் ஒரு பிரயோசனமும் வந்திராது. நான் அவருடைய நேர்மையை எடுத்துச் செலவழித்திருக்கிறேன், அவரிடம் கேளாமலே. இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்வேன். வேறு வழி எனக்குத் தெரியாது. அது பிழை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

விசாரணை முடிந்து வெளியே வந்தோம். காற்றுக்குப் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. உத்தியோகத்தர் வாகனத்தடியில் நின்றார். என்னையும் மன்னார்ப் பாலத்தடி வரைக்கும் ஏற்றிப் போவதாகச் சொல்லியிருந்தார். மருதாயி அம்மா வாசற்படியில் இருந்தபடி தருமலிங்கம் ஐயாவைப் பார்த்து, "அண்ணே" என்றார். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பிள்ளை, குறை நினைக்காதையுங்கோ" என்றார். "அந்தக் கேள்வியை நீங்கள் கேக்காமல் விட்டிருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை.

உத்தியோகத்தர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். விசாரணை முடிந்துவிட்டது, சொல்லாமல் இருந்திருக்கலாம். சும்மா போய்வாருங்கள் என்கிறார் என்று மழுப்பியும் இருக்கலாம். அவர் சொன்னதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"நான் அதை விட்டிருக்கலாம் என்கிறார், சேர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதே லெப்ட்தான்.

"லெப்ட் வாட்?" என்றார் அவர்.

"என்னுடைய கேள்வியை, சேர்."

அவர் என்னையும் தருமலிங்கம் ஐயாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். தருமலிங்கம் ஐயா சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

"சரி பிள்ளை, வயலுக்குத் தண்ணி விட வேணும். நான் வாறன்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வாய்க்கால் கரையால் போனார்.